இடது பக்கம் மட்டும் ஏன் துவளுகிறது?

குமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் துடுப்பு போடுவதற்கென்று வாங்கிய, காற்றடைக்கும் கயாக் படகு அது. வெளியே தடித்த துணியுறை, உள்ளே இடம், வலம், அடி என மூன்று பிளாடர்கள், அதாவது காற்றுப் பைகள். சாயங்காலம் விறைப்பாக அடித்து வைத்தால் காலையில் தொய்ந்து கிடக்கும்.

தொய்ந்த உடனே ஓட்டை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காற்று குளிர்ந்தாலே அழுத்தம் இறங்கும். 35 டிகிரி வெயிலில் 2.5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்தால், 25 டிகிரிக்குக் குளிரும்போது துளி காற்றும் வெளியேறாமலே 2 பிஎஸ்ஐ பக்கம் வந்துவிடும். வலதும் அடியும் அந்த அளவில்தான் இறங்கியிருந்தன. இடது பக்கத்தை மட்டும் கட்டைவிரலால் அமுக்கினால் பொதுக்கென்று உள்ளே போனது. மூன்றும் ஒரே முற்றத்தில், ஒரே பனியில் கிடந்தவை. அதனால் தேட வேண்டியது இடது பக்கத்தில் மட்டும்தான் என்று தெளிவானது.

முதலில் வால்வு. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி வால்வின் குழிக்குள் ஊற்றினேன். மெதுவாக ஒரு குமிழ் எழும்பி உடைந்தது, அப்புறம் இன்னொன்று. கழற்றிப் பார்த்தால் ரப்பர் மடலுக்கு அடியில் கடற்கரை மணல் இரண்டு துகள். நல்ல தண்ணீரில் கழுவி இறுக்கியதும் குமிழ் நின்றது. நிறையப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும். எனக்கு மறுநாளும் இடது பக்கம் தொய்ந்தது.

அடுத்து படகு முழுக்கச் சோப்புத் தண்ணீர். மொட்டை மாடியில் இதைச் செய்வது வீண்வேலை. கடல்காற்றில் நுரை காய்ந்துவிடும், 'ஸ்ஸ்' சத்தமும் காதில் விழாது. கூடத்துக்குள் கொண்டுவந்து மின்விசிறியை நிறுத்தியபோது ஜிப் ஓரத்தில் நுரை கிளம்பியது. ஆனால் ஓட்டை அங்கேதான் இருக்க வேண்டும் என்றில்லை. பிளாடருக்கும் உறைக்கும் நடுவில் ஓடி, வழி கிடைத்த இடத்தில் காற்று வெளியே வரும். உறையைக் கழற்றாமல் இடத்தைப் பிடிக்க முடியாது.

வெளியே எடுத்த பிளாடரில் முழு அழுத்தம் அடிக்கக் கூடாது. உறையின் பிடி இல்லாமல் வீங்கித் தையலோரம் பிளந்துவிடும். வடிவம் வரும் அளவுக்கு மட்டும் அடித்து, சிமெண்ட் தொட்டியில் ஒரு முழம் ஒரு முழமாக முக்கினேன். முக்கியதும் மேலெல்லாம் பொடிக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். கையால் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எது அதே இடத்திலிருந்து மறுபடி கிளம்புகிறதோ, அதுதான் ஓட்டை. என்னுடையது ஊசிமுனை அளவுதான். துடைத்துக் காயவைத்து மார்க்கரால் வட்டம் போட்டேன்.

ஒட்டுவதற்கு முன் பிளாடரை உறையின் மேல் விரித்து, வட்டம் எங்கே வருகிறது என்று பார்த்தேன். அந்த இடத்தில் துணிக்குள் ஒரு கெளுத்தி முள் ஒடிந்து செருகிக் கிடந்தது. கரையில் வலை உதறும் இடத்தில் படகை இழுத்தபோது ஏறியிருக்கும். அதைப் பிடுங்காமல் மூடியிருந்தால் புது ஒட்டுத்துண்டையும் அது குத்தியிருக்கும்.

பஞ்சர் கடை அண்ணன் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "மக்கா, இது டியூப் கெடையாது, பிளாஸ்டிக்கு. நம்ம சொல்யூசன் இதுல நிக்காது" என்றார். சரியாகச் சொன்னார். ஹார்டுவேர் கடையில் குழாய் ஒட்டும் பசையை நீட்டினார்கள். அது இறுகிக் கெட்டியாகிவிடும், மடக்கிச் சுருட்டும் பொருளுக்கு ஆகாது. பிவிசி துணிக்கென்றே வரும், கெட்டிப்படுத்தி (ஹார்டனர்) என்ற திரவத்தைக் கலக்கும் இரண்டு பாகப் பசையை வரவழைத்தேன்.

ஈரக் காற்றில் அந்தப் பசை சரியாகப் பிடிக்காது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டத்தில் இது பெரிய தொல்லை. மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு மத்தியானத்துக்காகக் காத்திருந்தேன். காற்றை முழுக்க இறக்கிச் சமதளத்தில் விரித்து, அசிட்டோனால் துடைத்தேன். டம்ளர் வாயை வைத்து ஒட்டுத்துண்டை வட்டமாக வெட்டினேன், மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும். பிளாடரிலும் ஒட்டுத்துண்டிலும் மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. விரல் வைத்தால் பிசுக்கென்று இருக்க வேண்டும், பசை விரலோடு வரக் கூடாது. அந்தப் பதத்தில் வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, பலகை போட்டு அதன்மேல் அரிசி மூட்டையை ஏற்றினேன். 24 மணி நேரம் காற்றடிக்கவில்லை. சமையலுக்கு அரிசி எடுக்க விடாததற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனி.

பிறகு காயலில் இறக்கினேன். பழையாறு கடலில் சேரும் பொழிமுகம் பக்கம் போகாமல், அலையாத்தி மரங்கள் நிற்கும் அமைதியான பக்கமாகவே, உயிர்காப்பு உடையோடு. கரையில் வள்ளம் தள்ளிக்கொண்டிருந்த ஒருவர், "காத்துப் படகா? ஊசி ஒண்ணு தரட்டா மக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். திரும்பிவந்து அமுக்கிப் பார்த்தேன், மூன்றும் ஒரே விறைப்பு. கெட்டிப்படுத்தி திறந்த பிறகு நம் ஊர் ஈரத்தில் அதிக நாள் தாங்காது. அதனால் மீதிப் பசையை, இதே மாதிரிப் படகு வைத்திருக்கும் நண்பனிடம் அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.