‘அக்கா வந்துச்சு’: இதற்கு எந்தப் பால் போடுவது?

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்றால் காதில் விழும்: “அக்கா அப்பவே கெளம்பிருச்சு.” மதுரைப் பக்கம் இதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை, உரிமையோடு சொல்வதுதான். இதைச் சொல் சொல்லாகப் பிரித்துக் குறிப்பு எழுதும்போதுதான் வழுக்குகிறது. அக்கா பெண்தானே என்று வினைக்கடியில் ‘பெண்பால்’ போட்டுவிடுகிறார்கள். தப்பு. கடைசியில் நிற்கும் ‘ச்சு’ பஸ்ஸுக்கும் வரும்: “பஸ் கெளம்பிருச்சு.” ஆகவே வினைக்குப் படர்க்கை அஃறிணை என்றுதான் எழுத வேண்டும். அக்கா பெண் என்பது பெயரின் பொருள். அந்தக் கணக்கு வேறு.

தொல்காப்பியர் இதில் தெளிவு. “உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே” என்று திணையைப் பொருளால் பிரிப்பவர், பாலுக்கு வந்ததும் “னஃகான் ஒற்றே ஆடூஉ அறிசொல்” (‘ன்’ என்று முடிந்தால் ஆண்பால்) என்று ஈற்றெழுத்தைப் பிடித்துக்கொள்கிறார். 1958இல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஹாக்கெட் சொன்னதும் இதையொட்டியதுதான்: பெயரின் பால், அதைச் சார்ந்து வரும் மற்றச் சொற்களின் நடத்தையில் தெரியும். (இந்தப் பொருளுக்குப் ‘பாலினம்’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அது ஆட்களைப் பற்றிய சொல். இங்கே ‘பால்’ போதும்.)

பேச்சுத் தமிழைச் சோதிக்க, ஒவ்வொரு பெயரையும் வந்தான், வந்தா, வந்தாரு, வந்தாங்க, வந்துச்சு என்ற ஐந்தோடும் பொருத்திப் பாருங்கள். பிறகு அவன், அவ, அவரு, அவங்க, அது என்ற சுட்டுகளோடும். “இது சரியா?” என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்ட மறுநொடியே எதிரில் இருப்பவருக்குப் பள்ளிக்கூடத் தமிழ் வந்துவிடும், “அக்கா வந்தார்கள்” என்பார். வேறு எதையாவது பேசவிட்டு, வாயில் வருவதை எழுதிக்கொள்ள வேண்டும். பாடப்புத்தகத்து ஐம்பாலை அப்படியே கட்டம் போட்டுக்கொண்டு போனாலும் பலவின்பால் கட்டம் காலியாகவே கிடக்கும். ‘மாடுகள் வந்தன’ எழுத்தில்தான். தெருவில் “நாலு மாடு வந்துச்சு.”

மதுரையைச் சுற்றித் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. தெலுங்கில் ‘ஆமெ வச்சிந்தி’ (அவள் வந்தாள்), ‘அதி வச்சிந்தி’ (அது வந்தது) இரண்டுக்கும் வினை ஒன்றே. அங்கே ஒருமையில் பெண்பால் என்று பெயர் வைத்தால் பொய். ‘ஆண் அல்லாதது’ என்பதே பொருந்தும். பன்மையில் கோடு இடம் மாறுகிறது: ஆணும் பெண்ணும் சேர்ந்து ‘வச்சாரு’, மற்றவை ‘வச்சாயி’. ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனிக் கட்டம் போடாவிட்டால் குழம்பிப்போகும்.

ஆண், பெண் என்ற பிரிவே வேலைக்கு ஆகாத இடத்தில் பெயர்களை வகுப்புகளாகப் பிரித்து எண் போடுவதுதான் வழி. ஆப்பிரிக்காவின் ஸ்வாஹிலி போன்ற பாண்டு மொழிகளுக்கு, மொழியியலாளர்கள் ப்ளீக் தொடங்கி மைன்ஹோஃப் விரித்த எண் வரிசையே வழக்கம்: ம்தோத்தோ (குழந்தை) 1, வதோத்தோ (குழந்தைகள்) 2, கிதாபு (புத்தகம்) 7, விதாபு (புத்தகங்கள்) 8. ஒருமைக்கு ஓர் எண், பன்மைக்கு ஓர் எண். வகுப்பு எண்ணைப் பன்மைக் குறி என்று படித்துவிடுபவர்கள் உண்டு. கிதாபு அரபியிலிருந்து போன சொல். முதலெழுத்து ‘கி’ என்பதாலேயே ஏழாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டது.

சிம்பா (சிங்கம்) 9ஆம் வகுப்புப் பெயர். ஆனால் உயிருள்ளது என்பதால் வினை முதல் வகுப்புக்குப் போய் ‘சிம்பா அலிகுஜா’ (சிங்கம் வந்தது) என்று வரும். பெயருக்கு 9, வினைக்கு 1 என்று இரண்டையும் எழுத வேண்டும். அலங்காநல்லூர் வாடிவாசலில் காளையைப் பார்த்து “வர்றான் பாரு” என்கிறார்களே, அதற்கும் இதே முறைதான்: பெயரின் கீழே அஃறிணை, வினையின் கீழே ஆண்பால். உவப்பினால் திணை மாறுவது இயல்பே என்று நன்னூல் எப்போதோ அனுமதித்துவிட்டது. ‘வருது’ என்று திருத்தி எழுதிவிடாதீர்கள்.