தடைக்கால விடுமுறையில் எவரெஸ்ட் அடிவாரம்

எங்கள் பக்கம் கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதைக் காற்றுதான் சொல்லும். காற்று கூடிவிட்டால் மீன்வளத் துறையில் டோக்கன் கொடுக்க மாட்டார்கள். ஐஸ் உடைத்துப் போட்டு, டீசல் நிரப்பி, வலையெல்லாம் ஏற்றி வைத்திருந்த படகு ஜெட்டியிலேயே ஆடிக்கொண்டு கிடக்கும். நஷ்டம்தான். ஆனாலும் “இன்னைக்கு டோக்கன் இல்ல” என்று யாராவது சொன்னால், கேட்டவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே வளர்ந்தவன். இரண்டு வருடத்துக்கு முன்பு எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கக் கிளம்பியபோது இதை மறந்துவிட்டேன். அதனால் பாதியிலேயே இறங்கி வந்தேன். இந்த ஏப்ரலில் மறுபடி போகிறேன். மூன்று மாதமாகப் போட்ட திட்டத்தை, கடற்கரையிலிருந்து மலைக்குப் போக நினைக்கும் நம் ஆட்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும், கம்பெனியிலும் வேலை இருக்காது. நேபாளத்தில் மலை நடைக்கு நல்ல பருவங்கள் இரண்டு: மார்ச் முதல் மே வரை ஒன்று, மழை விட்ட பிறகு அக்டோபர், நவம்பர் இன்னொன்று. முதல் பருவத்தின் பின்பாதி நம் தடைக்காலத்தோடு ஒட்டி வருகிறது. மே மாதத்தின் பின்பாதிக்குப் போனால் மழைக்கு முந்திய மேகம் கூடத் தொடங்கிவிடும். அதனால் கணக்கை முடித்துக்கொடுத்துவிட்டு ஏப்ரல் 22-இல் கிளம்புகிறேன்.

போன தடவை என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் திட்டம் முழுக்க அதிலிருந்து வந்ததுதான். ஏற்பாடு செய்து கொடுத்தவர் ஒன்பதே நாளில் போய்த் திரும்பலாம் என்றார். செலவு குறையும், லீவு மிச்சமாகும் என்று நானும் தலையாட்டினேன். நடை தொடங்கும் லுக்லாவில் விமானத்தில் இறங்கிய அன்றே பாக்டிங், மறுநாள் நாம்சே, அதற்கடுத்த நாள் தெங்போச்சே, அதற்கடுத்த நாள் திங்போச்சே. நடுவில் ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. கால் நன்றாகவே இருந்தது. நாம்சே ஏற்றத்தில் நிறையப் பேரை முந்திக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் அந்த வேகம்தான் பயமாக இருக்கிறது.

திங்போச்சே 4,410 மீட்டர் உயரம். மாலையில் தலைவலி வந்தது. இரவில் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போனது. ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவன், எந்த வளையத்துக்குள் எதை நுழைக்க வேண்டும் என்று தெரியாமல் லேஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட வந்த வழிகாட்டித் தம்பி அதைக் கவனித்துவிட்டார். தரைப் பலகையின் இணைப்புக் கோட்டைக் காட்டி, முன் காலின் குதிகால் பின் காலின் விரலைத் தொடும்படி அடி வைத்து நேராக நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் பக்கவாட்டில் சரிந்தேன். மூளையில் நீர் கோக்கத் தொடங்குவதற்கு அது ஓர் அடையாளம் என்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. விடியும்வரை காத்திருக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் என்னைப் பிடித்து நடத்தி, 4,000 மீட்டர் அளவில் இருக்கும் பாங்போச்சேக்கு இறக்கிக் கொண்டுவந்தார். இறங்க இறங்கத் தலைவலி கழன்றது. காலையில் லேஸை நானே கட்டினேன். அந்தத் தம்பியை என்றைக்கும் மறக்க மாட்டேன்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது, விசைப்படகு ஓட்டும் எதிர்வீட்டு அண்ணன்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “ஏர் ஃபில்டர் அடைச்சுக்கிட்டா இன்ஜின் என்ன செய்யும்? டீசல் அதே டீசல்தான், ஆனா இழுவை இருக்காது, கருப்பாப் புகை கக்கும். அப்ப போயி ஆக்சிலேட்டரை முறுக்கினா எப்படி?” கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் திங்போச்சேயில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் இருக்கிறது. 5,500 மீட்டர் போனால் சரிபாதி. ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் ஒரு மூச்சில் உள்ளே வரும் காற்றே குறைந்துவிடுகிறது.

சங்கு குளித்த என் சித்தப்பாவுக்கு இது தலைகீழ்க் கணக்கு. பெரியபட்டினம் பக்கம் தென்கடலில் அஞ்சு பாகம், ஆறு பாகம் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்) தம் கட்டி இறங்கியவர். பத்து மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. அவர் இறங்கிப் பார்த்தது அது, நான் ஏறிப் பார்த்தது இது. “காது வலிச்சா நாங்க மேல வந்துருவோம்டா. சளி புடிச்சிருந்தா வள்ளத்துலயே ஏற மாட்டோம். அன்னைக்கு எவனும் எங்கள எளக்காரமா பேச மாட்டான்,” என்றார். போன தடவை நாம்சேயிலேயே எனக்கு லேசாகத் தலை வலித்தது. வெளியே சொல்லவில்லை.

இனி இந்தத் தடவைத் திட்டம். 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, இன்று தூங்குகிற இடம் நேற்றுத் தூங்கின இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை உயரம் ஏறாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் எவ்வளவு ஏறுகிறோம் என்பதைவிட, ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒரு தாளில் ஊர்களையும் உயரங்களையும் எழுதி, கம்பெனிப் பேரேடு மாதிரி கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாம்சேயில் (3,440) மூன்று இரவு. அந்த நாள்களில் சும்மா படுக்காமல், 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்க வேண்டும். அடுத்தது தெங்போச்சே, 3,860. அங்கிருந்து நேரே திங்போச்சே போகாமல், என்னை இறக்கிக் கொண்டுவந்த அதே பாங்போச்சேயில் ஒரு ராத்திரி. திங்போச்சேயில் மூன்று ராத்திரி. பிறகு லோபுச்சே, கோரக்செப், அங்கிருந்து 5,364 மீட்டரில் அடிவார முகாம். தூங்குகிற இடத்தில் கடைசியும் உச்சமும் கோரக்செப்தான், 5,164 மீட்டர்.

இதற்கு மேல் நாலு நாள் உபரியாக வைத்திருக்கிறேன். இரண்டு நாள் உடம்புக்கு, இரண்டு நாள் லுக்லா விமானத்துக்கு. லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான். ஒரு பக்கம் மலைச் சுவர், இன்னொரு பக்கம் பள்ளம். மேகம் இறங்கினால் விமானம் கிடையாது, நாள்கணக்கில்கூட நின்றுவிடும். சீசனில் நிறைய விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாமல், நாலைந்து மணி நேரம் சாலையில் போய்ச் சேர வேண்டிய மந்தலி என்ற ஊரிலிருந்து கிளம்புகின்றன. இதைத் தெரியாமல் பதிவு செய்தால் நடுராத்திரி ஜீப் தேட வேண்டி வரும். திரும்பும் டிக்கெட்டை லுக்லாவிலிருந்து இறங்கும் நாளுக்கு மறுநாளே போட்டு வைப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். டோக்கன் இல்லாத நாள் மலையிலும் உண்டு.

பயிற்சிக்கு வருகிறேன். எங்கள் இராமேஸ்வரம் தீவில் மலை என்று பெயர் வாங்கியது கந்தமாதன பர்வதம் ஒன்றுதான், அதுவும் ஒரு மணல் மேடு. நமக்கு இருப்பது மணல். விசைப்படகு கடலுக்குப் போகாத நாள்களில் கம்பெனியில் வேலை குறைவு. அந்த நாள்களில் முகுந்தராயர்சத்திரம் தாண்டி தனுஷ்கோடி வரை, சாலையை விட்டு இறங்கி மணலிலேயே நடந்தேன். முதுகுப் பையில் முதல் வாரம் நாலு லிட்டர் தண்ணீர், இரண்டு மாதம் கழித்து எட்டு லிட்டர். மணலில் நடந்தால் கெண்டைக்கால் இறுகும், மூச்சும் சீராகும். 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன். ஆனால் மணல் இறக்கத்தைக் கற்றுத் தராது. முட்டியைப் பதம் பார்ப்பது ஏற்றமல்ல, இறக்கம்தான். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக்குப் பஸ் ஏறினேன். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: எவ்வளவு பயிற்சி செய்தாலும் உயர நோய் வராது என்று எவராலும் உறுதி தர முடியாது. பயிற்சி செய்தவன் வேகமாக ஏறுவான், அதனாலேயே சீக்கிரம் மாட்டிக்கொள்வான். அது நானேதான்.

மருந்து விஷயத்தில், டயமாக்ஸ் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கும். மாத்திரை உடம்பு பழகுவதற்குத் துணை செய்யும். ஆனால் நோய் முற்றிவிட்டால் இறங்குவதுதான் வைத்தியம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறக் கூடாது.

உடுப்பு நமக்குப் பெரிய குழப்பம். வாடைக்காற்று அடித்தாலே துண்டைத் தலையில் சுற்றிக்கொள்ளும் ஊர் இது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிர் கூடும். பருத்திப் பனியன் வேண்டவே வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றவுடன் முதுகு விறைத்துவிடும். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத சட்டை. தூவி அடைத்த ஜாக்கெட்டையும் தூங்கும் பையையும் காத்மாண்டு தமேல் கடைத்தெருவில் வாடகைக்கு எடுக்கலாம், வாங்கி வீட்டில் பூட்டி வைக்கத் தேவையில்லை. ஷூவை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். நான் ஜனவரியிலேயே வாங்கி, அதைப் போட்டுக்கொண்டுதான் ஏலக் கூடத்துக்குப் போய்வருகிறேன்.

அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரைக் காட்டி நேபாள விமானம் ஏற முடியாது. பாதை கடந்து போகும் சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம், நம்மையும் சேர்த்துச் சார்க் நாட்டவருக்குக் குறைவு. நம் 100 ரூபாய் அவர்கள் பணத்தில் 160. நாம்சேக்கு மேலே கையில் ரொக்கம் இருக்க வேண்டும், அறை மலிவாகத்தான் இருக்கும், சோறும் சுடுதண்ணீரும் போன் சார்ஜும்தான் ஏற ஏற விலை ஏறும். ஹெலிகாப்டர் மீட்புக்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள், அதில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்பதைப் படித்துப் பாருங்கள்.

சாப்பாடு இரண்டு வேளையும் தால்பாத், அதாவது பருப்பும் சோறும் போதும். மேலே கறி சாப்பிட வேண்டாம். அந்தப் பள்ளத்தாக்கில் ஆடு மாடு அறுப்பதில்லை, கீழேயிருந்து நாள்கணக்கில் முதுகில் சுமந்து வருவது. மீன் இல்லாமல் எப்படி என்று கேட்டவர்கள் நிறைய. பருப்புப் பொடியும் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியும் எடுத்துப் போகிறேன். பசியே எடுக்காத உயரத்திலும் கருப்பட்டித் துண்டு ஒன்று வாயில் கரையும்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு வருத்தம் இருந்தது. இராமேஸ்வரத்து மண்ணை வடக்கே கொண்டுபோய்க் கங்கையில் கரைத்து, கங்கை நீரை இங்கே கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வதைக் காலமெல்லாம் பார்த்தவர். “அம்புட்டுத் தூரம் போற, கங்கை இல்லாத பக்கமாப் போறியேப்பா” என்றார். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். நான் நடக்கப் போகும் பாதையில் லுக்லாவிலிருந்து நாம்சேக்குக் கீழே வரை துத்கோசி என்ற ஆறு கூடவே வரும். அது கோசியில் சேரும், கோசி பீகாருக்குள் வந்து கங்கையில் கலக்கும். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீலக் கோட்டின் மேல் விரலை வைத்து, நாம்சேக்குக் கீழேயிருந்து கங்கை வரை மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். “அப்ப இதுவும் அதுதானே” என்று எழுந்து உள்ளே போனார்.

நேற்று பையை ஏலக் கூடத்துக்குக் கொண்டுபோய் எடை போட்டேன். லுக்லா விமானத்தில் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான். தராசுத் தட்டில் காய்ந்த செதில் ஒட்டியிருந்தது, சாக்கை விரித்து அதன் மேல் வைத்தேன். 9 கிலோ 400. சித்தப்பா பார்த்துவிட்டுக் கூடுதலாக இரண்டு வட்டுக் கருப்பட்டியைத் திணித்தார், 9 கிலோ 800. வீட்டுக்கு வந்து பிரித்தபோது சட்டைகளுக்கு நடுவே, கழுவிக் காயவைத்த அரை லிட்டர் பாட்டில் ஒன்று இருந்தது. மூடியைச் சுற்றி அம்மா மஞ்சள் நூல் கட்டியிருந்தார். திரும்பும்போது அது அரை கிலோ கூடும். கருப்பட்டி அதற்குள் தீர்ந்திருக்கும், எடை சரியாகிவிடும்.