லத்தீன் தெரியாத பாதிரியார்

ஆக்ஸ்போர்டு போகிறவர்கள் சில்ட்ரிக்குப் போவதில்லை. போக ஒரு காரணமும் இல்லை என்றுதான் விடுதியில் சொன்னார்கள். வான்டேஜ் வரை பஸ், அங்கிருந்து மேற்கே நாலு கிலோமீட்டர் நடை. நடுவில் ஒரு வாத்துக் குளம், சுற்றிச் சில வீடுகள், ஓரமாக ஒரு பழைய தேவாலயம், அவ்வளவுதான் ஊர்.

எனக்குக் காரணம் இருந்தது. 1640களின் தொடக்கத்தில் இந்த ஊருக்குப் பாதிரியாராக வந்தவர் எட்வர்ட் போகாக். அரபியிலும் எபிரேயத்திலும் அன்றைய இங்கிலாந்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஊர்க்காரர் ஒருவரிடம், "உங்க பாதிரியார் எப்படி?" என்று வெளியூர்க்காரர் கேட்டதற்கு, "போகாக்கா? சாதாரண மனுஷன், நல்லவர். ஆனா லத்தீன் படிச்சவர் இல்லீங்க" என்று பதில் வந்ததாம். பிரசங்கத்தில் லத்தீன் மேற்கோள்களை எடுத்துவிட்டால்தான் படித்தவர் என்று மதித்த காலம். இவரோ உழவர்களுக்குப் புரிகிற மாதிரி பேசிவிட்டு இறங்கியிருக்கிறார்.

தேவாலயத்தில் நான் அதிக நேரம் நின்றது ஞானஸ்நானத் தொட்டி முன்னால். முழுக்க ஈயம். நார்மன் காலத்து வேலை. சுற்றிலும் வரிசையாக ஆயர்களின் உருவங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குப் போகாக் தண்ணீர் தெளித்ததும் இதில்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் நட்டதாகச் சொல்லப்படும் லெபனான் தேவதாரு மரம் பழைய பாதிரியார் வீட்டு வளாகத்தில் இருக்கிறது. தனியார் இடம், உள்ளே போக முடியாது.

1604இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர் அவர். 1630இல், கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளோடு வியாபாரம் செய்த லெவன்ட் கம்பெனி என்ற ஆங்கில நிறுவனத்தின் வணிகர்களுக்குக் குருவாக, சிரியாவிலுள்ள அலெப்போவுக்குப் போனார். போன புதிதில் ஊர் பிடிக்கவில்லை. அப்புறம் ஒரு ஷேக்கிடம் அரபி, யூத அறிஞர்களிடம் எபிரேயம், கிடைத்த கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் வாங்குவது என்று பொழுது போதவில்லை. 1634இல் கொள்ளைநோய் வந்தபோது வணிகர்கள் ஊரைவிட்டு ஓட, இவர் அங்கேயே இருந்தார். 1636இல் பேராயர் வில்லியம் லாட் ஆக்ஸ்போர்டில் அரபிக்கு ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கி இவரை முதல் ஆளாக அமர்த்தினார். 1648இல் எபிரேயப் பேராசிரியர் பதவியும் சேர்ந்தது.

அடுத்து மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். லாட் தலை வெட்டுண்டார், மன்னர் தலையும் போயிற்று. புதிய ஆட்சிக்கு உறுதிமொழி தர மறுத்ததால் ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் போகாக்குக்கு இருந்த கேனன் (பேராலயக் குருமார் குழு உறுப்பினர்) பதவி பறிபோனது. உச்சகட்டக் கூத்து 1655இல். தகுதியில்லாத பாதிரியார்களை நீக்க ஆட்சி அமைத்த குழு, போகாக்கையும் "போதிய தகுதி இல்லாதவர்" என்று விசாரித்தது. அதே 1655இல்தான் பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் எபிரேய எழுத்தில் எழுதிய அரபி உரைகளை லத்தீன் மொழிபெயர்ப்போடு அவர் அச்சில் கொண்டுவந்தார்! மன்னருக்குப் பின் ஆட்சியைப் பிடித்த குரோம்வெல்லின் ஆளான மதகுரு ஜான் ஓவனே, விசாரணை நடந்த அபிங்டனுக்குப் போய், உலகம் மெச்சும் அறிஞரைத் தகுதியில்லை என்று விரட்டினால் நமக்குத்தான் அவமானம் என்று வாதாடிக் காப்பாற்றினார். ஓவன் எதிர்க்கட்சிக்காரர் என்பதை மறக்கக் கூடாது.

மறுநாள் கிறைஸ்ட் சர்ச். டிக்கெட் வாங்கித்தான் நுழைய வேண்டும். கூட்டமெல்லாம் சாப்பாட்டு மண்டபத்தைப் பார்க்கத்தான். நான் நேரே போகாக் தோட்டம் பக்கம் போனேன். அங்கே நிற்கும் கிழக்கத்திய பிளேன் மரம் அவர் கொண்டுவந்த விதையில் முளைத்தது என்கிறார்கள். கிட்டத்தட்ட நானூறு வயது. பட்டை செதில் செதிலாக உரிந்து, உள்ளே வெளிர் மஞ்சளும் சாம்பலும் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. அடிமரம் யானைக்கால் போல.

அந்த நிழலில் எனக்கு நினைவு வந்தது ஒரு புறாக் கதை. நபிகள் நாயகம் ஒரு புறாவைப் பழக்கி, அது தன் காதில் சேதி சொல்வதாகக் காட்டிக்கொண்டார் என்று ஐரோப்பாவில் ஒரு கட்டுக்கதை உலவியது. டச்சு அறிஞர் குரோஷியஸ் கிறிஸ்தவத்துக்காக வாதாடி எழுதிய நூலில் அதையும் சேர்த்திருந்தார். அந்நூலை அரபியில் பெயர்க்க முனைந்த போகாக், இதற்கு ஆதாரம் எங்கே என்று அவரிடமே கேட்டார். இல்லை என்று குரோஷியஸ் ஒப்புக்கொண்டார். 1660இல் வந்த அரபிப் பதிப்பில் புறா இல்லை. தன் மதத்துக்காக எழுதும்போதும் பொய்யைச் சேர்க்க மாட்டேன் என்ற இந்தப் பிடிவாதத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1691இல், 86 வயதில் இறந்தார். அந்த ஆண்டிலும் பைபிளில் உள்ள யோவேல் தீர்க்கதரிசியின் நூலுக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. அவரிடம் இருந்த 420 கையெழுத்துப் பிரதிகளைப் பல்கலைக்கழகம் 600 பவுனுக்கு வாங்கி போட்லியன் நூலகத்தில் சேர்த்தது. அவற்றில் ஒன்று, யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவுக்கு மைமோனிடிஸ் தன் கையாலேயே எழுதிய உரையின் ஒரு பகுதி. அசலைத் தொட ஆய்வாளராக இருக்க வேண்டும். ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ரயிலில் திரும்பும்போது போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.