ஸ்கேன் நார்மல், பையன் நார்மல் இல்லை

தலையில் அடிபட்ட பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் முதலில் நீட்டுவது சி.டி. ஸ்கேன் கவரைத்தான். "எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க சார், அப்புறம் ஏன் இவன் இப்படி இருக்கான்?" சேலத்தில் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கும் எனக்கு இது அடிக்கடி வரும் கேள்வி. சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். கன்கஷன் என்பது மூளை குலுங்கி அதன் வேலை கொஞ்ச நாளைக்குத் தடுமாறுவது, அது ஸ்கேனில் தெரியாது. மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்று நினைக்கிறவர்களும் உண்டு, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நினைவே தப்புவதில்லை. ஆக, உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நாங்கள் முக்கியமாக நம்பியிருப்பது அந்தப் பிள்ளையின் வாய்வார்த்தையைத்தான். அந்த வயசுப் பிள்ளையோ லேசில் உண்மையைச் சொல்லாது.

இளம்பிள்ளை ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த பதினாறு வயசுப் பையன், கபடியில் ரெய்டர். பாடிப் போனவனை நாலு பேர் சேர்ந்து அமுக்கியதில் ஒருத்தனின் முழங்கால் பொட்டில் இடித்திருக்கிறது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மீதி ஆட்டத்தையும் ஆடி முடித்திருக்கிறான். வண்டியில் திரும்பும்போது ஜெயித்தோமா தோற்றோமா என்று கூட வந்தவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான், ராத்திரி வாந்தி, உடனே ஆஸ்பத்திரி. அங்கே ஸ்கேன் எடுத்துக் கண்காணித்து அனுப்பினார்கள். வெளிச்சம் கூசுகிறது, தலை கனக்கிறது, தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான் என்பதெல்லாம் அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவனைக் கேட்டால் "நல்லா இருக்கேன் சார்" மட்டும்தான். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட், அப்புறம் போலீஸ் வேலை என்று வீடே அவன் ஆட்டத்தை நம்பியிருந்தது, அவன் வேறு என்ன சொல்வான்?

அவன் வீட்டிலேயே விசைத்தறி ஓடுகிறது. விடிவதற்கு முன்பே சத்தம் ஆரம்பித்துவிடும், பிழைப்பு அது, நிறுத்தச் சொல்ல முடியாது. ஆரோக்கியமான ஆளுக்கே காது அடைக்கும் அந்தச் சத்தத்தில் இந்தப் பையன் எப்படித் தூங்குவான்? அப்பா உடனே, "ஏற்காட்டுல பெரியம்மா வீடு இருக்கு, அமைதியா இருக்கும், அனுப்பிடட்டுமா?" என்றார். நல்ல யோசனைதான், ஆனால் தலையைத் திருப்பினாலே சுற்றுகிறவனை 20 கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏற்றுவதா? கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றேன். அதே ஊரில் தறி இல்லாத அம்மாயி வீட்டுக்கு மாறினான்.

அங்கேயும் அவனை இருட்டு அறையில் போட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் அப்படித்தான் சொன்னோம். இப்போது முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, செல்போனைக் குறைப்பது, அதற்கப்புறம் தாங்குகிற அளவுக்கு நடை என்பதுதான் முறை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களின் பரிந்துரையும் இதுதான். நாள் கணக்கில் இருட்டில் கிடந்தால் பிள்ளை இன்னும் சோர்ந்துதான் போகும். அதே சமயம் தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மாவட்டத் தேர்வுக்கு இப்போது அனுப்பக் கூடாது என்று அப்பாவை ஒத்துக்கொள்ள வைத்தது ஒரு கிரிக்கெட் மேட்ச். 2020 டிசம்பர் 4, கான்பெரா, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு முதல் சர்வதேச டி20 என்பதால் அவர் அதை ஓவர் ஓவராக ஞாபகம் வைத்திருந்தார். அந்த மேட்சில் ஸ்டார்க் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது, அவர் தொடர்ந்து ஆடி 44 ரன்னோடு ஆட்டமிழக்காமல் வந்தார், ஆனால் ஃபீல்டிங்குக்கு இறங்கவில்லை. கன்கஷன் ஆனவருக்குப் பதிலாக வேறு ஆளை இறக்கலாம் என்று 2019இல் வந்த ஐ.சி.சி. விதிப்படி சாஹல் மாற்று ஆளாக வந்து 3 விக்கெட் எடுத்தார். "அடிபட்ட பிறகும் நல்லாத்தானே ஆடினார், ஏன் உட்கார வெச்சாங்க?" என்று கேட்டேன். மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அபூர்வமாக, மூளை வீங்கி உயிரே போகலாம், அதுவும் இந்த வயசுப் பிள்ளைகளுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் மாவட்டத் தேர்வைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

பையனிடம் வேறு ஒப்பந்தம். 'நல்லா இருக்கேன்' என்ற வார்த்தையே கூடாது, தலைவலி, சுற்றல் எவ்வளவு என்று 0 முதல் 10க்குள் ஒரு நம்பர் சொல்ல வேண்டும், 0 என்றால் எதுவுமே இல்லை. பயிற்சிக்கு முன்னால் சொன்ன நம்பரைவிட 2க்கு மேல் கூடினால் அன்றைக்கு நிறுத்தம், மறுநாள் தொடரலாம், எந்த நம்பர் சொன்னாலும் தண்டனை கிடையாது. அவன் வயசுக்கு இதயத் துடிப்பு முதலில் நிமிஷத்துக்கு 112 வரை, தாங்கினால் 143 வரை, சைக்கிளில். ஐஸ் குச்சியில் 'க' என்று எழுதிக் கை நீட்டிப் பிடிக்கச் சொல்வேன், எழுத்தை விட்டுக் கண் நகராமல் தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். முதல் தடவை எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்றான், நெற்றி வேர்த்துவிட்டது. 'எத்தனை?' '5.' அவன் என்னிடம் சொன்ன முதல் உண்மையான நம்பர் அதுதான்.

கரும்பலகையைப் பார்த்து நோட்டில் எழுதும்போது கண்ணும் தலையும் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான், அதனால்தான் வகுப்பில் முதல் பீரியடுக்கே தலைவலி வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் முதலில், களம் அப்புறம் என்பது மாறாத வரிசை. கொஞ்ச நாள் அரை நேரம் மட்டும் போனான். பக்கத்து பெஞ்சுப் பையன் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தான். அவன் டீச்சர் அதற்குச் சம்மதித்தது பெரிய உதவி.

அப்புறம் களத்தில் தனியாக ஓட்டம், மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டே காலை மாற்றிப் போடுவது, ஆள் தொடாத பயிற்சி. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே குறைந்தது 24 மணி நேரம். இதற்கு நடுவில் ஒரு நாள் ஏற்காடு பஸ்ஸில் பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்து, "20 வளைவுக்கும் 0 சார்" என்றான். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே ஆள் மேல் ஆள் விழும் பயிற்சி. முதல் நாளே, மூன்றாவது பிடியில், அவனாகக் கையைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வந்தான். "3 சார்." கோச் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன், அவர் அடுத்த பையனைக் கூப்பிட்டார். மறுநாள் படி இறங்கி, தனியாக ஓடுவதிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.

மாவட்டத் தேர்வு அவன் இல்லாமலே நடந்தது. அதற்கப்புறம் அவங்க ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு வைத்த போட்டியில் முதல் பாதியிலிருந்தே ஆடினான்.