பெயரில்லாத ஒருத்தி

சீன எழுத்தாளர் லூ சுன் 1924இல் எழுதிய 'புத்தாண்டுப் பலி' சிறுகதையை நேற்று ராத்திரி மறுபடி படித்தேன். தூக்கம் போச்சு.

கதை முழுக்க அந்த வேலைக்காரி 'சியாங்லின் மனைவி'தான். அந்தப் புருஷன் செத்து, மாமியார் அவளை மலைக்கிராமத்துக்கு விற்று, இரண்டாமவனும் போய், பிள்ளையை ஓநாய் தூக்கிய பிறகும் ஊர் அப்படியேதான் கூப்பிடுகிறது.

இரண்டு புருஷன்களுக்கும் பங்குபோட எமன் உன்னை ரம்பத்தால் அறுப்பான் என்று பயமுறுத்துவதும் (வேறு யார்?) கூட வேலைசெய்யும் பெண்தான். பரிகாரமாக, இவள் சேர்த்துவைத்த கூலியையெல்லாம் கொட்டிக் கோயிலுக்கு வாசற்படி வாங்கித் தருகிறாள். முகம் தெளிந்து, முன்னோர் படையலுக்கு மதுக் கிண்ணங்களை எடுக்கப் போகிறாள். "அதை அப்படியே வை!" என்கிறாள் எஜமானி. சூடுபட்டதுபோல் கையை இழுத்துக்கொள்கிறாள்.

செத்தபிறகு ஆவி உண்டா என்று கதைசொல்லியிடம் கேட்கிறாள். படித்தவன், மழுப்பிவிட்டு நடையைக் கட்டுகிறான். எனக்கு எஜமானியைவிட இவன்மேல்தான் ஆத்திரம்.