பெல்டியர் குளிர்பெட்டி: கரண்டைக் குறைத்தால் குளிர் குறையாது

மின்சாரம் கொடுத்தால் ஒரு முகம் குளிர்ந்து மறுமுகம் சூடாகும் தகடான பெல்டியர் மாட்யூலை வைத்துக் குளிர்பெட்டி செய்கிறவர்களில் பாதிப் பேர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். 12 வோல்ட் கொடுத்ததும் ஒரு பக்கம் ஜில்லென்று ஆகும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அறையைவிட ஏழெட்டு டிகிரி குறைந்ததோடு நின்றிருக்கும். சில சமயம் திரும்ப ஏறவும் ஆரம்பித்திருக்கும். உடனே இன்னும் பெரிய மாட்யூலைத் தேடுவார்கள். கோளாறு இருப்பது சூட்டுப் பக்கத்தில்.

அந்தப் பக்கம் வெளியே தள்ள வேண்டிய வெப்பத்தைக் கணக்குப் போட்டாலே விஷயம் புரிந்துவிடும்: பெட்டிக்குள்ளிருந்து இழுத்த வெப்பம், அதோடு மாட்யூல் தின்ற மின்சாரம் முழுவதும். டி.இ.சி. 1-12706 என்ற 40×40 மி.மீ. மாட்யூல் 12 வோல்ட்டில் நாலு, நாலரை ஆம்பியர் இழுக்கும். அதுவே 50 வாட்டுக்கு மேல். உள்ளிருந்து வரும் 16 வாட்டையும் சேர்த்தால் 70 வாட்டைத் தொடும். வாட்டுக்கு 1 டிகிரி ஏறும் சின்ன அலுமினிய ஹீட் சிங்க் (சூட்டைக் காற்றில் கலைக்கும் உலோகத் துண்டு) என்றால் அறையைவிட 70 டிகிரி சூடாகப் பார்க்கும். அதற்குமுன்பே குளிர்ச்சி செத்துவிடும். ஹீட் பைப் வைத்த கணினி பிராசசர் கூலர், 120 மி.மீ. மின்விசிறியோடு, வாட்டுக்கு சுமார் 0.3 டிகிரியில் நிற்கும். அதைவிட மட்டமான எதையும் வாங்க வேண்டாம்.

மாட்யூலின் விவரத் தாளான டேட்டாஷீட்டில் 66, 68 டிகிரி வித்தியாசம் என்று போட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். அது உள்ளிருந்து ஒரு வாட் வெப்பத்தைக்கூட இழுக்காதபோது கிடைக்கும் எண். 50, 60 வாட் வெப்பத்தை இழுக்கும் என்பது இரு பக்கமும் ஒரே சூட்டில் இருக்கும்போது. இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

இனி கரண்ட். குளிர்ச்சி கரண்டோடு நேர் விகிதத்தில் கூடும். மாட்யூலின் மின்தடையில் உண்டாகும் சூடோ கரண்டின் வர்க்கத்தில் கூடும், அதில் பாதி குளிர்ப் பக்கத்துக்கே திரும்பும். அதனால் ஒரு மாட்யூலுக்கு 12 வோல்ட் கொடுப்பதைவிட, இரண்டு மாட்யூல்களைத் தொடராக இணைத்து ஆளுக்கு 6 வோல்ட் கொடுப்பது நல்லது. அறை 30 டிகிரி, குளிர் முகம் 5 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டால், ஒற்றை மாட்யூல் சுமார் 52 வாட் தின்று 16 வாட் இழுக்கிறது. தொடர் ஜோடி, தனித்தனிக் கூலரோடு, 25 வாட்டில் 17 வாட் இழுக்கிறது. பிராசசர் கூலரின் அடியில் ஒரு மாட்யூல்தான் உட்காரும் என்பதால் கூலரும் இரண்டு வேண்டும். செலவு அங்கேதான்.

ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது வேறு விஷயம். ஒரே அளவு மாட்யூல்களை அடுக்கினால், மேலே உள்ளது கக்கும் சூட்டைத் தூக்கவே கீழே உள்ளது திணறும்.

பெட்டிக்கு எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை போதும். உள்ளளவு 20×20×25 செ.மீ., அதாவது 10 லிட்டர். சுவர் 25 மி.மீ. என்றால், உள்ளே 10 டிகிரியில் சுமார் 9 வாட் கசியும், 50 மி.மீ. என்றால் 6 வாட்டுக்குள் அடங்கும். மூடி இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டாவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

மாட்யூலின் தடிமன் 4 மி.மீ.கூட இல்லை. குளிர்ப் பக்கம், சூட்டுப் பக்கம் இரண்டின் ஹீட் சிங்க்கையும் நேராக வைத்து இறுக்கினால் சூடான சிங்க் குளிர்ந்ததைப் பார்த்தபடி நின்று அதையும் சூடாக்கும். நடுவே 40×40 மி.மீ., 25 மி.மீ. உயர அலுமினியக் கட்டையைக் குளிர்ப் பக்கம் கொடுத்து, சுற்றிலும் நுரையை அடையுங்கள். போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, நைலான் வாஷரோடு இருக்கட்டும். ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பீங்கான் தகடு விரிசல் விடும். கால் சுற்று கால் சுற்றாக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக, இரு முகத்திலும். எந்த முகம் குளிரும் என்பதை மாட்யூலில் அச்சிட்ட எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு விரலால் பாருங்கள். சிங்க் இல்லாமல் 12 வோல்ட் கொடுத்தால் சில நொடிகளில் உள்ளே இருக்கும் ஈயப்பற்று உருகிவிடும். மின்விசிறி நின்றுபோனாலும் அதே கதிதான். எனவே 60 டிகிரியில் துண்டிக்கும் கே.எஸ்.டி. 301 சுவிட்சை சூட்டு சிங்க்கில் பொருத்துவது அவசியம்.

உள்ளே சுழலும் மின்விசிறியும் ஒரு அடுப்புதான். 2.4 வாட் விசிறி, நீங்கள் பாடுபட்டு இழுத்ததில் ஏழில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 1 வாட்டுக்குள் இருக்கும் 80 மி.மீ. விசிறி போதும்.

தெர்மோஸ்டாட் வைத்து மாட்யூலை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது பலரும் செய்யும் தவறு. மின்சாரம் இல்லாத மாட்யூல் நல்ல வெப்பக் கடத்தி: ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் அரை வாட். 20 டிகிரி வித்தியாசத்தில் இரண்டு மாட்யூல் வழியாக 20 வாட் உள்ளே வரும், சுவர் வழியாக வருவதைப்போல மூன்று மடங்கு. நிறுத்துவதற்குப் பதில், குளிர்ந்த பிறகு வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டரில் ஜோடிக்கு 8 வோல்ட்டாக இறக்குங்கள். 10 வாட்டில் 10 டிகிரி நிற்கும். மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும் பி.டபிள்யூ.எம். வடிகட்டி இல்லாமல் வேண்டாம், சராசரி குறைந்தாலும் ஒவ்வொரு துடிப்பிலும் முழுக் கரண்ட் ஓடி, அந்த வர்க்கச் சூட்டை உண்டாக்கிவிடும்.

ஈரம் மெதுவாகக் கொல்லும். மாட்யூலின் ஓரத்தை நியூட்ரல் சிலிகானால் அடையுங்கள். வினிகர் வாசம் வரும் சிலிகான் உலோகத்தை அரிக்கும்.

2 லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 10 டிகிரிக்கு இறக்க 167 கிலோஜூல் எடுக்க வேண்டும். மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதற்குள் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். அதன் பிறகும் குளிரவில்லை என்றால் சூட்டு சிங்க்கின் அடியில் வெப்பமானியை வையுங்கள். அறையைவிட 15 டிகிரிக்கு மேல் காட்டினால் கூலரையும் விசிறியையும் கவனியுங்கள். சிங்க் இளஞ்சூடாக இருந்தும் உள்ளே குளிரவில்லை என்றால் பேஸ்ட், அலுமினியக் கட்டை, மூடி இடுக்கு ஆகிய மூன்றில் ஒன்று.