பாட்டி பெயர் என்ன? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு காலை

மறைந்த முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும் தர்ப்பணத்துக்காகப் பெங்களூரிலிருந்து 125 கிலோமீட்டர் வந்து, காவிரி மேற்கே திரும்பி ஓடும் பஸ்சிமவாகினிப் படித்துறையில் உட்கார்ந்தாயிற்று. சொம்பு இருக்கிறது, எள் இருக்கிறது, தர்ப்பையும் இருக்கிறது. சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் "பாட்டி பேர் சொல்லுங்கோ" என்கிறார். அப்போதுதான் செல்போன் வெளியே வரும். மல்லேஸ்வரத்திலோ மாயவரத்திலோ இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போகும். மடியில் போட்டு வளர்த்தவளைப் "பாட்டி" என்றும் "பட்டு" என்றும் கூப்பிட்டே பழகிவிட்டது. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றியிருக்காது.

அதனால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளில் பெயர்களை எழுதிவிடுங்கள். தர்ப்பணத்தில் அப்பா வழியில் ஆண்கள் மூவர், பெண்கள் மூவர். அம்மாவின் பிறந்த வீட்டு வழியிலும் அதேபோல் மூவர், மூவர். ஆக 12 பெயர், ஆளுக்கு மூன்று முறை, மொத்தம் 36 தடவை தண்ணீர் இறைக்க வேண்டும். அம்மா உயிருடன் இருந்தால் பெண்கள் வரிசை அப்பாவைப் பெற்ற பாட்டியிலிருந்து தொடங்கும். பாட்டி, பாட்டியின் மாமியார், அந்த மாமியாரின் மாமியார். அதாவது இன்னும் ஒரு தலைமுறை மேலே போய்ப் பெயர் தேட வேண்டும். பாட்டியின் அம்மா பெயரை எழுதிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அவர் இந்த வரிசையில் வரமாட்டார். கோத்திரத்திலும் இதே குழப்பம்தான்: பாட்டி பிறந்த வீட்டுக் கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். சொல்ல வேண்டியது புகுந்த வீட்டுக் கோத்திரம். அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு அந்தத் தாத்தாவின் கோத்திரம்.

இன்னொன்று: அப்பா இருக்கும்போது பேரன் தர்ப்பணம் செய்வதில்லை. அப்பா செய்வார், பேரன் கூட உட்காரலாம்.

பெயரை எங்கே தேடுவது? பழைய கல்யாணப் பத்திரிகைகளில் பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான் இருக்கும். ஜாதகம், வீட்டுப் பத்திரம், குடும்ப பென்ஷன் புத்தகம் ஆகியவை கொஞ்சம் உதவும். எல்லாவற்றையும்விடப் பரணில் கிடக்கும் பித்தளை அடுக்கை இறக்கி, விளிம்பைப் புளி போட்டுத் தேயுங்கள். சீராகக் கொடுத்த பாத்திரம் என்றால் உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். வெறும் இனிஷியல் மட்டும் இருந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். இந்த வேலையைப் பொறுமையாகச் செய்து முடிப்பவர்கள் பெரும்பாலும் பேத்திகள்தான். தர்ப்பையைப் பிடிப்பதென்னவோ பேரன்.

பாட்டி இறந்த திதியன்றே போவதென்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். நாம் சொல்வது சூரியனை வைத்துக் கணக்கிடும் சௌரமான மாதம்: ஆவணி, தேய்பிறை, பஞ்சமி என்று. கர்நாடகப் பஞ்சாங்கம் சந்திரனை வைத்துக் கணக்கிடும் சாந்திரமானம். அங்கே "சிராவண பகுள (தேய்பிறை) பஞ்சமி" என்று மாற்றிச் சொன்னால், சில வருடங்களில் அது நம் ஆடியிலேயே வந்துவிடும். உள்ளூர் வாத்தியாரிடம் தமிழ் மாதத்தைச் சொல்லி, ஆங்கிலத் தேதியை நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். தினசரி காலண்டரில் கொட்டை எழுத்தில் இருக்கும் திதியையும் நம்ப வேண்டாம். இறந்த திதியில் செய்யும் சிராத்தத்துக்குப் பார்ப்பது அபராண்ண காலத்துத் திதி. பகலை ஐந்தாகப் பிரித்தால் நாலாவது பங்கு. ஆறு மணிக்கு உதயம், ஆறுக்கு அஸ்தமனம் என்றால் பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. சந்தேகம் வந்தால் பஞ்சாங்கத்தில் சிராத்த திதி என்று தனியே போட்டிருப்பதைப் பாருங்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். கருப்பு எள் 100 கிராம், தர்ப்பைக் கட்டு ஒன்று, பித்தளையிலோ தாமிரத்திலோ ஒரு சொம்பு, ஒரு தாம்பாளம். தானத்துக்கு அரிசியும் வாழைக்காயும். பெங்களூரில் கிரந்திகே அங்கடியில் (பூஜைச் சாமான் கடை) எல்லாம் கிடைக்கும். தர்ப்பை காய்ந்து மொறுமொறுவென்றிருந்தால் பவித்ரம் (விரலில் போடும் தர்ப்பை மோதிரம்) முடிச்சுப் போடும்போது ஒடியும். முதல் நாள் இரவே தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். எள்ளைக் காகிதப் பொட்டலமாகக் கொண்டுவந்தால் படியில் நனைந்து கிழியும், சின்ன டப்பாதான் சரி. தண்ணீர் விரல் நுனி வழியாக விழக்கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்க வேண்டும். அவசரத்தில் கையை முன்னால் சாய்த்தால் அது தேவர்களுக்கு விடும் தேவ தீர்த்தமாகிவிடும்.

ஆடி அமாவாசைக்கு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சற்று மேலேதான் கிருஷ்ணராஜ சாகர் அணை. நீர்மட்டம் முழுக் கொள்ளளவான 124.80 அடியை நெருங்கிவிட்டால் மதகைத் திறந்துவிடுவார்கள், கீழ்ப்படிகள் மூழ்கிவிடும். மேல்படியில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரிலேயே முடித்துவிடலாம், குறையொன்றும் இல்லை. பைக்கில் வருகிறவர்களைப் பெங்களூர்-மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் விடமாட்டார்கள், சர்வீஸ் ரோடுதான். மைசூர் ரயில் எவ்வளவோ நிம்மதி.

பாட்டியின் தங்கை, வளர்த்த அத்தை, பக்கத்து வீட்டு மாமி என்று மனதில் இருப்பவர்களுக்குப் புரட்டாசி மகாளய பட்சத்தில் வாருங்கள். அப்போது இப்படி வரிசையில் வராத காருண்ய பித்ருக்களுக்கும் இடம் உண்டு.

முடித்தபின் பவித்ரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு ரங்கநாதர் கோயிலுக்குப் போங்கள். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். உள்ளே போகும் வழியில் இரண்டு தூண்களில் விஷ்ணுவின் 24 வடிவங்கள், கேசவன் முதலாக. காலையில் ஆசமனத்தில் (சடங்கின் தொடக்கத்தில் தண்ணீர் உட்கொள்ளும்போது) சொன்ன கேசவன் முதல் தாமோதரன் வரையிலான பெயர்களெல்லாம் இங்கே கல்லில் நிற்கும். சன்னதியில் தீபாராதனையின்போது எல்லோரும் முகத்தையே பார்ப்பார்கள். தட்டு கீழே இறங்கும்போது திருவடியைப் பாருங்கள். கையில் தாமரையுடன் அங்கே உட்கார்ந்திருப்பவள் காவிரி.